வெள்ளைப் பேப்பர் வைத்தியம்!

இது உங்க செமஸ்டர் ஹால்னு வெச்சுக்குங்க. கொஸ்டீன் பேப்பர் கைக்கு வந்தாச்சு. 13 மார்க் கேள்வி ஒண்ணு உங்களைப் பார்த்துச் சிரிக்குது. அடடா, நேத்து ராத்திரி படிச்சதாச்சே! ஜெராக்ஸ் நோட்ஸில் எந்தப் பக்கம், அதில் எந்த மூலையில் டீக் கறை, எந்த வரியில் மஞ்சள் ஹைலைட்டர்... எல்லாமே கண் முன்னாடி வருது. பதில் மட்டும் வரலை!

வெளியே வந்ததும், ‘எனக்கு மெமரி பவரே இல்லை மச்சான்’னு புலம்பல். வீட்டில் சொன்னால் வல்லாரைத் துவையலும் ஊறவெச்ச பாதாமும் தட்டுக்கு வரும். தாராளமா சாப்பிடுங்க. ஆனா, பெரும்பாலும் கோளாறு மூளையில் இல்லை, படிச்ச விதத்தில்தான். இதைச் சொல்ல 140 வருஷத்து ஆராய்ச்சி இருக்கு.

ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ்னு ஒருத்தர். மறதியை அளக்க ஆசைப்பட்டார். ஆள் தேடி அலையாமல் தன்னையே சோதனை எலி ஆக்கிக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையா மனப்பாடம் பண்ணுவார். கொஞ்ச நேரம் விட்டுட்டு அதையே மறுபடி படிப்பார். ரெண்டாவது தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகுதோ, அவ்வளவு ஞாபகம் பாக்கி இருக்குன்னு கணக்கு. 1885-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் கணக்குப்படி, ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் காலி. ஒரு நாள் போனால் மூணில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு மாசம் ஆனால் ஐந்தில் ஒரு பங்கு. அர்த்தமில்லாத அசைகளைவிட நம்ம சிலபஸ் தேவலாம் (சில பேப்பர்கள் தவிர!). அதனால் நமக்கு இவ்வளவு மோசமா இருக்காது. ஆனா, படிச்ச கையோடு சரசரன்னு இறங்கி, அப்புறம் மெதுவா இறங்கும் அந்தக் கோடு எல்லாருக்கும் பொதுதான்.

சரி, அந்தக் கோட்டை எப்படிப் பிடிச்சு நிறுத்துறது? ‘திரும்பத் திரும்பப் படி’ன்னுதானே சொல்வீங்க? இங்கேதான் விஷயமே இருக்கு.

2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற ரெண்டு பேர், நம்மளை மாதிரி காலேஜ் பசங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் ஒரு சின்னக் கட்டுரை. ஒரு குரூப்புக்கு அதைப் படிப்பது மட்டும்தான் வேலை. சராசரியா 14 தடவை படிச்சுத் தள்ளினாங்க. இன்னொரு குரூப் மூணு தடவைக்குக் கொஞ்சம் மேலே படிச்சதோடு சரி. மீதி நேரமெல்லாம் கட்டுரையை மூடி வெச்சுட்டு, ஞாபகம் இருக்கிறதை வெள்ளைப் பேப்பரில் எழுதணும்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட். படிச்சுத் தள்ளின குரூப் 83 சதவிகிதம், எழுதிப் பார்த்த குரூப் 71. ‘பார்த்தியா, படிச்சவன்தான் ஜெயிச்சான்’னு விசில் அடிக்காதீங்க. வேறு சிலருக்கு இதே டெஸ்ட்டை ஒரு வாரம் கழிச்சு வெச்சாங்க. படிச்சவங்க 40-க்குச் சரிஞ்சுட்டாங்க. எழுதிப் பார்த்தவங்க 61-ல் நின்னாங்க! இன்னொரு கூத்து... ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்’னு அதிக நம்பிக்கையோடு சொன்னது, 14 தடவை படிச்ச குரூப்தான்.

ஏன் அப்படி? பஸ்ஸில் ஓடுற பாட்டோடு சேர்ந்து நீங்க முழுசாப் பாடுவீங்க. பாட்டை நிறுத்திட்டுத் தனியாப் பாடச் சொன்னால் ரெண்டாவது சரணத்தில் ‘ம்ம்ம்’தான். கண் முன்னால் இருப்பதை அடையாளம் கண்டுக்கிறது ஒரு வேலை. ஒண்ணுமே இல்லாத இடத்தில் தேடி எடுக்கிறது வேற வேலை. பரீட்சையில் கேட்கிறது ரெண்டாவது. நாம ராத்திரி முழுக்கப் பழகுறது முதலாவது!

உதாரணத்துக்கு, மெக்கானிக்கல் பசங்களின் ராங்கைன் சைக்கிள். ஒரு தடவை ஒழுங்காப் படிங்க. நோட்டை மூடுங்க. மெஸ் பில்லுக்குப் பின்பக்கமா இருந்தாலும் சரி, வெள்ளையா ஒரு பேப்பர் போதும். பம்ப், பாய்லர், டர்பைன், கண்டென்சர்னு நாலையும் வரைங்க. நீராவி எந்தப் பக்கம் போகுதுன்னு அம்புக்குறி போடுங்க. டர்பைன் தரும் வேலையோடு ஒப்பிட்டால் பம்புக்கு ஏன் இவ்வளவு கம்மியான வேலை போதும்னு உங்க சொந்த வார்த்தையில் ஒரு வரி. (தண்ணீரோட கொள்ளளவு நீராவியைவிட ரொம்பக் கம்மி, அதான்.) நடுவில் மாட்டிக்கிட்டால் உடனே நோட்டைத் திறக்காதீங்க. ரெண்டு நிமிஷம் தலையைச் சொறிங்க. அந்த அவஸ்தைதான் பயிற்சியே! அப்புறம் திறந்து, விட்டதை எல்லாம் சிவப்பு பேனாவில் எழுதுங்க. அடுத்த தடவை அந்தச் சிவப்பில் இருந்துதான் ஆரம்பம்.

அடுத்த தடவை எப்போ? ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சில் மூணு மணி நேரம் உட்காருவதைவிட, இன்னிக்கு ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுன்னு பிரிச்சால், அதே மூணு மணி நேரம் ரொம்ப நாள் தாங்கும். ‘ஏஐ இருக்கே, அது சுருக்கித் தந்துடுமே’ங்கிறீங்களா? சுருக்கம் கேட்டால் மூளைப் பயிற்சி அதுக்குத்தான், உங்களுக்கு இல்லை. ‘இந்த யூனிட்ல இருந்து அஞ்சு கேள்வி கேளு, பதிலை நான் சொல்ற வரைக்கும் சொல்லாதே’ன்னு கேட்டுப் பாருங்க.

இப்போ நைட்-அவுட் கோஷ்டிக்கு வருவோம். 1924-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற ரெண்டு பேர், ரெண்டே ரெண்டு மாணவர்களை லேபிலேயே தூங்க வெச்சுப் பார்த்தாங்க. படிச்சுட்டுத் தூங்கினால் ஒரு ரிசல்ட், படிச்சுட்டு அதே நேரம் விழிச்சிருந்தால் இன்னொரு ரிசல்ட். தூங்கி எழுந்தப்போதான் ஞாபகம் அதிகம். படிச்சதை மூளை அடுக்கி வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டுன்னு அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகளும் சொல்லுது. ராத்திரி 11 மணிக்கு வாசலில் அடிக்கிற டீயும் சும்மா இல்லை. ஆளுக்கு ஆள் மாறினாலும், உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். 11 மணி டீயோட பாதி, விடிகாலை 4 மணிக்கும் உள்ளே முழிச்சிருக்கு!

‘இதெல்லாம் பண்ணா மூளையே மாறிடுமா?’ன்னு நக்கல் அடிக்கிறவங்களுக்கு லண்டன் டாக்ஸி டிரைவர்களைக் காட்டலாம். சாரிங் கிராஸில் இருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் பண்ணினால்தான் அங்கே லைசென்ஸ். வருஷக்கணக்கில் படிப்பாங்க. 2000-த்தில் எலினார் மக்வயர் குழு அவங்க மூளையை ஸ்கேன் பண்ணப்போ, வழிகளை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மத்தவங்களைவிடப் பெருசா இருந்துச்சு. ‘பிறவியிலேயே பெருசா இருந்திருக்கும்’னு சந்தேகம் வருமில்லையா? 2011-ல் புதுசாப் படிக்க வந்தவங்களை முதலிலும் முடிவிலும் ஸ்கேன் பண்ணாங்க. பாஸ் ஆனவங்களுக்கு மட்டும் வளர்ந்திருந்துச்சு! தெரிஞ்ச ஏரியாவிலாவது மேப்ஸை மூடிட்டு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்க. பெட்ரோலுக்கு நான் பொறுப்பில்லை.

காசு கட்டி ‘பிரெயின் கேம்’ ஆப் வாங்கலாமான்னு கேட்டால், வேண்டாம்கிறதுதான் என் ஓட்டு. கேம் ஆடினால் கேமில்தான் கில்லி ஆவோம். ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணியதா வந்த புகாரில், 2016-ல் லுமோசிட்டி நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடிச்சது.

கவனத்துக்கு வேறு ஆள் நம்ம ஊரிலேயே உண்டு. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பி பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விஷயங்களில் கவனம்! முதுகில் விழுவதை எண்ணிக்கிட்டே, மணி ஓசையை எண்ணிக்கிட்டே, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்ற கலை அது. நமக்குப் பத்து நிமிஷத்தில் நாலு தடவை நோட்டிஃபிகேஷன். போனை அடுத்த ரூமில் வெச்சுட்டு உட்கார்ந்தால், நூறு இல்லாட்டியும் ஓரவதானம் நிச்சயம்.

எல்லாம் சரி, நாளைக்குக் காலையிலேயே பரீட்சைன்னா? புது யூனிட்டைத் தொடாதீங்க. ஏற்கெனவே படிச்ச மூணு யூனிட்டை எடுத்து, தலைப்புக்கு ஒரு பேப்பர் வீதம் எழுதிப் பாருங்க. சிவப்பு இருக்கிற இடத்தை மட்டும் ஒரு தடவை படிங்க. 12 மணிக்கு லைட் ஆஃப். ஹால் டிக்கெட்டை பேக்கில் வெச்சாச்சா?