கணவர் பிரான்சில், மனைவி காட்டேரிக்குப்பத்தில்: வரிக் கணக்கு யாருடையது?

புதுவை மண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை புதியதன்று. 1962 ஆகஸ்டு 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஆறு மாதத்திற்குள் அக்குடியுரிமையைத் தெரிவு செய்துகொண்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று பிரான்சில் பணிபுரிகின்றனர். அவர்களில் சிலர் பெண் எடுப்பது இங்கேதான். நிக்காஹ் முடிந்தபின், விசா கிடைக்கும் வரையிலும், சில வேளை அதற்குப் பின்னரும், மனைவி காட்டேரிக்குப்பம் போன்ற ஊரிலேயே தங்கிவிடுகிறார். மாதந்தோறும் பணம் வருகிறது. "இதற்கு வரி உண்டா?" என்ற கலக்கமும் உடன் வருகிறது.

இல்லை. கணவர் மனைவிக்கு அளிக்கும் பணம், எத்தொகையாயினும், மனைவியின் வருமானமாகக் கருதப்படுவதில்லை. கணவர் அங்கே ஈட்டும் ஊதியத்தையும் மனைவி இங்கே காட்ட வேண்டியதில்லை. பிரான்சில் தம்பதியர் பொதுவாக ஒரே குடும்பமாகக் கணக்குக் கொடுப்பர். இந்தியாவில் அவரவர் கணக்கு அவரவருக்கே. கோவாவில் போர்த்துக்கீசியச் சட்டத்திற்கு உட்பட்ட தம்பதியர்க்கு ஊதியம் நீங்கலான வருமானம் பாதிப்பாதியாகப் பிரிக்கப்படும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமக்கும் அவ்வாறே என்று சிலர் எண்ணுவது சரியன்று.

வந்த பணத்தைக் கொண்டு வில்லியனூரில் ஒரு கடையை உங்கள் பெயரில் வாங்கி வாடகைக்கு விட்டால் நிலைமை வேறாகும். கடை உங்களுடையதே, நம் மார்க்கமும் மனைவியின் பொருள் மனைவிக்கே என்கிறது. ஆனால் வாடகையை வரிச் சட்டம் கணவரின் வருமானத்தோடு சேர்த்துவிடும். அந்த வாடகையைச் சேமித்து நீங்கள் வேறொன்றில் முதலிட்டால், அதன் வருவாய் மட்டும் உங்களுடையது. கணவருக்கு இந்தியாவில் கிடைக்கும் மொத்த வருமானம், 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டிற்கான புதிய முறைப்படி, 4 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் அவர் இங்கே கணக்குக் கொடுத்தாக வேண்டும். 12 இலட்சம் வரை வரியில்லை என்கிறார்களே எனலாம். அச்சலுகை இந்நாட்டில் வசிப்போர்க்கு மட்டுமே.

எல்லாவற்றினும் கவனம் வேண்டுவது ஒன்றுண்டு. "நீயும் சேர்ந்துகொள்" என்று அன்போடு கணவர் தம் பிரெஞ்சு வங்கிக் கணக்கில் மனைவியின் பெயரையும் எழுதிவிடுகிறார். மனைவி அதில் ஒரு காசும் எடுத்திருக்கமாட்டார். ஆயினும், இங்கே நிலையாக வசிப்பவருக்கு வெளிநாட்டுக் கணக்கில் பங்கோ கையெழுத்துரிமையோ இருந்தால், வருமானம் ஒன்றுமில்லாவிடினும் அவர் வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதை அறிவித்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி, மறைத்தால் அபராதம் 10 இலட்சம் ரூபாய்! 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 இலட்சத்தைத் தாண்டாதவர்க்கு இவ்வபராதம் இல்லை. அபராதம்தான் இல்லையே தவிர, அறிவிக்கும் கடமை நீங்கவில்லை. பாரிசில் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டிற்கோ இச்சலுகையே கிடையாது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். 2017 முதல் இரு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் உள்ளன.

சுருக்கமான ஐ.டி.ஆர். 1 படிவத்தில் இவ்வறிவிப்புக்கு இடமில்லை, ஐ.டி.ஆர். 2 படிவமே வேண்டும். டிசம்பர் 31இல் முடியும் ஆண்டிற்கான வங்கி அறிக்கையைக் கணவரிடம் கேட்டு வாங்கி, பான் அட்டையோடு ஆடிட்டரிடம் கொடுங்கள். இவ்வாண்டுக் கணக்கில் விடுபட்டிருப்பின், காலக்கெடு முடியுமுன் திருத்திய கணக்குக் கொடுக்கலாம்.