மூன்று நண்பர்களும் ஒரு மணிக்கூண்டும்

‘ப்ராஜெக்ட் ஏ’ 1983 டிசம்பரில் ஹாங்காங்கில் வெளியானது. அடிதடியும் சிரிப்பும் கலந்த, பல நாயகர்கள் கொண்ட படங்களுக்கு இன்றும் அது முன்மாதிரி. ஜாக்கி சான் அதை இயக்கி நாயகனாகவும் நடித்தார். சாமோ ஹங், யூன் பியாவ் இருவரும் அவருக்கு ஈடான வேடங்களை ஏற்றனர். கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் தயாரித்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஹாங்காங்கில் கதை நடக்கிறது. கடற்கொள்ளையரை அடக்க வேண்டிய கடற்காவல் படையின் கப்பல்கள் வெடித்துச் சிதறுகின்றன. படை கலைக்கப்படுகிறது. அதன் வீரர்கள், தங்களுக்கு ஆகாத போலீஸாரின் கீழேயே பயிற்சி பெற நேர்கிறது. ஜாக்கி சான் கடற்காவல் படைக்காரர், யூன் பியாவ் போலீஸ் அதிகாரி, சாமோ ஹங் கைவரிசை காட்டிப் பிழைக்கும் பழைய நண்பர். ஒருவரை ஒருவர் நம்பாத இந்த மூவரும் கடைசியில் கொள்ளையர் கோட்டைக்குள் ஒன்றாகப் புகுகிறார்கள். கதை இவ்வளவு எளிமையானது. படத்தின் கவர்ச்சி அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது.

அந்த விதத்தின் வேர், மூவரும் வளர்ந்த இடத்தில் இருக்கிறது. மூவருமே சிறு வயதில் ஹாங்காங்கில் யூ ஜிம்-யூன் நடத்திய பீக்கிங் ஓபரா பள்ளியில் தங்கிப் பயின்றவர்கள். பாட்டு, அபிநயம், குட்டிக்கரணம், ஆயுதப் பயிற்சி எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. பயிற்சி கடுமையானது, தண்டனை அதைவிடக் கடுமையானது. மாணவர்கள் குருவின் பெயரிலிருந்தே ‘யூன்’ என்ற மேடைப் பெயரைப் பெற்றனர். யூன் பியாவின் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. 1952இல் பிறந்த சாமோ ஹங் அங்கே மூத்த அண்ணன். ஜாக்கி சான் 1954இலும், யூன் பியாவ் 1957இலும் பிறந்தவர்கள். ஒருவர் கை ஓங்கினால் மற்றவர் எந்தப் பக்கம் குனிவார் என்பது இவர்களுக்குச் சிறு வயதிலேயே பழகிப்போனது.

படத்தின் வேகம் இங்கிருந்துதான் வருகிறது. காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியும் வேகத்தை உண்டாக்கலாம். ஆனால் யார் யாரை அடித்தார் என்பது பார்ப்பவருக்கு விளங்காது. ‘ப்ராஜெக்ட் ஏ’யில் கேமரா பெரும்பாலும் சற்றுத் தள்ளி நின்று முழு உடலையும் காட்டுகிறது. அடியும் அதன் விளைவும் ஒரே சட்டகத்துக்குள் நிகழ்கின்றன. கண் எதையும் தேட வேண்டியதில்லை என்பதால், எவ்வளவு விரைவாக நடந்தாலும் குழப்பம் வருவதில்லை.

சிரிப்பும் சண்டைக்குள்ளேயே பிறக்கிறது. தொடக்கத்தில் கடற்காவல் படையினரும் போலீஸாரும் மோதிக்கொள்ளும்போது, நாற்காலியால் அடிபட்டவர்கள் எதிரியின் முன் வீறாப்பாக நிற்கிறார்கள். மறைவுக்குப் போன பிறகுதான் வலி தாங்காமல் முகம் சுளிக்கிறார்கள். அந்நாளைய குங்ஃபூ நாயகர்கள் பலர் வலியைக் காட்டிக்கொள்ளாதவர்கள். இங்கே நாயகனுக்கும் வலிக்கிறது, அதனால் அவன் பார்ப்பவருக்கு நெருக்கமாகிறான். குறுகிய சந்துகளில் நடக்கும் துரத்தலில் சைக்கிளே அவனுக்குக் கேடயம், சைக்கிளே ஆயுதம். கைக்கு அகப்பட்ட பொருளைக் கொண்டு தப்பிக்கும் சமயோசிதம், திறமையாகவும் தெரிகிறது, வேடிக்கையாகவும் இருக்கிறது.

படத்தின் உச்சம் மணிக்கூண்டுக் காட்சி. கடிகார முள்ளைப் பற்றித் தொங்கும் நாயகன் பிடி நழுவி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுகிறான். ஹரால்ட் லாய்ட் 1923இல் ‘சேஃப்டி லாஸ்ட்’ என்ற அமெரிக்க மௌனப் படத்தில் கடிகாரத்தில் தொங்கிய காட்சிக்கு இது செய்யும் மரியாதை. லாய்ட் தொங்கியதோடு நிறுத்திக்கொண்டார். ஜாக்கி சான் உண்மையிலேயே விழுந்தார், ஒரு தடவைக்கு மேலும் விழுந்தார். படம் அந்த வீழ்ச்சியைத் திரும்பவும் காட்டுகிறது. எழுத்துகள் ஓடும் முடிவுப் பகுதியில் தவறிப்போன காட்சிகளும் வருகின்றன. பட்ட அடி பொய்யில்லை என்று தெரிந்த பிறகு சிரித்தவர்களுக்கு அவர்மீது மதிப்பும் கூடுகிறது.

கூட்டு நாயகர் படம் எதற்காக என்பதை இறுதிச் சண்டை விளக்குகிறது. டிக் வெய் நடித்த கொள்ளையர் தலைவன் தனியொருவரால் வெல்லப்பட முடியாதவன். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் பாய்கிறார், அவர் தடுமாறினால் மூன்றாமவர் தாங்குகிறார். சாமோவின் கனத்த உடலுக்குள் இருக்கும் சுறுசுறுப்பு, யூன் பியாவின் காற்றில் சுழலும் லாவகம், ஜாக்கியின் அடிபட்டும் எழும் பிடிவாதம் என மூன்று குணங்களும் ஒன்றுசேர்ந்தே வெற்றியைத் தருகின்றன. மூவரில் ஒருவரை எடுத்துவிட்டாலும் கதை நடக்காது.

ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த சண்டை அமைப்புக்கான விருதை ஜாக்கி சானின் சண்டைக் குழு இப்படத்துக்காகப் பெற்றது. 1984இல் பார்சிலோனாவில் படமான ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’, 1988இல் வந்த ‘டிராகன்ஸ் ஃபாரெவர்’ ஆகியவற்றிலும் மூவரும் சேர்ந்து நடித்தனர். இத்தகைய படங்களைப் பலர் எடுத்திருக்கிறார்கள், எடுத்தும் வருகிறார்கள். பணமும் தொழில்நுட்பமும் வேகத்தைக் கூட்டித் தரும். ஆண்டுக்கணக்காக ஒன்றாக விழுந்து எழுந்தவர்களுக்குள் இருக்கும் நம்பிக்கையை அவற்றால் தர முடியாது. ‘ப்ராஜெக்ட் ஏ’ நாற்பது ஆண்டுகள் கடந்தும் பழசாகாமல் இருப்பது அந்த நம்பிக்கையால்தான்.