பயணமும் சமையலும்

தேர்வுகள் முடிந்து பள்ளிக் கதவுகள் சாத்தப்பட்டவுடன் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. எங்கே போவது, எத்தனை நாள் தங்குவது என்பன எளிதில் முடிவாகிவிடும். அதன்பின் எழும் ஒரு கேள்விதான் நெடுநேரம் நிற்கும். போகும் இடத்தில் நாமே சமைத்துக்கொள்வதா, உணவுவிடுதியில் உண்பதா? தந்தையார் செலவைப் பார்ப்பார். பாட்டி வயிற்றைப் பார்ப்பார். பிள்ளைகள் நாவைப் பார்ப்பார்கள். தாயார் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்திற்கும் ஒரு பொருள் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இக் கேள்வி புதிதன்று. பழந்தமிழ்ப் பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகிறது. வழியைக் கூறும்போதே எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் கூறுகிறது. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், வலைஞர் குடியில் சுட்ட மீனும் கிடைக்குமாம். சென்ற இடத்து உணவை உண்டு, அந்நிலத்து மக்களோடு பேசி, மேலே நடந்தவர்கள் அப் பாணர்கள்.

பிற்காலத்தில் பெருவழிகளில் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். வந்தவர் அனைவருக்கும் அங்கே சமைத்த சோறு வழங்கப்பட்டது. அதனை விரும்பாதவருக்கு அரிசியும் பிற பண்டங்களும் சமைக்காமலே அளந்து கொடுக்கப்பட்டன. நாமே சமைப்பதா, பிறர் சமைத்ததை உண்பதா என்னும் நம் கேள்விக்கு, சத்திரம் அன்றே இரண்டு விடைகளையும் வைத்திருந்தது!

ஆனால் அக்காலத்தில் பலர் தாமே சமைத்துக்கொண்டதற்கு உடல்நலம் காரணமன்று. சாதிக் கட்டுப்பாடே காரணம். பிறர் கைபட்ட சோறு தீட்டு என்று எண்ணினார்கள். சில உணவுக்கடைகளும் ஆளைப் பார்த்து இடம் ஒதுக்கின. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, பொது உணவுவிடுதிகளில் நுழைவதற்குச் சாதியோ மதமோ தடையாதல் கூடாது என்று 15ஆம் உறுப்பில் விதித்துவிட்டது. ஆகவே அந்தப் பழைய காரணத்தை நாம் சுமந்து செல்ல வேண்டியதில்லை. உடல்நலம், செலவு, காலம், அறிவு என்னும் நான்கு அளவுகோல்களால் இதனை அளந்து பார்ப்பதே முறை.

முதலில் உடல்நலம். கைக்குழந்தை, முதியவர், நீரிழிவு நோயாளர், ஒவ்வாமை உடையவர் ஆகியோர் உடன் வந்தால் அடுப்பு வசதியுள்ள இடத்தில் தங்குவது நன்று. குறித்த வேளையில் கஞ்சியோ, குழைந்த சோறோ, காரமில்லாக் குழம்போ கிடைப்பது அவர்களுக்கு மருந்துக்கு நிகராகும். மற்றவர்கள் நல்ல உணவுவிடுதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உணவுவிடுதிகள் உரிமமோ பதிவோ பெற வேண்டும். அவை தரும் பற்றுச்சீட்டில் அதற்குரிய 14 இலக்க எண்ணை அச்சிட வேண்டும் என்ற விதி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வந்துள்ளது. அதனைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, கூட்டம் மிகுந்து, சோறு ஆவி பறக்க வரும் இடமா என்று பாருங்கள்.

வீட்டுச் சமையல் என்பதனாலேயே ஓர் உணவு தீங்கற்றதாகிவிடாது. சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. அவ்வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்குமேல் உணவை வைத்தல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் மற்றுமோர் இடர் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. காலையில் வடித்த வெறுஞ்சோற்றை மூடிவைத்து மாலையில் சுடவைத்து உண்பது எத்துணைத் தவறு என்பதை இதனால் உணரலாம்.

அப்படியானால் நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிச் சென்றார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் வெறுஞ்சோற்றைக் கட்டவில்லை, புளிச்சோற்றைக் கட்டினார்கள். புளியின் அமிலம் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சும்போது நீர் வற்றிவிடுகிறது. உப்பும் துணை நிற்கிறது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக் கட்டுவதனால் ஆவி நீராக மாறிச் சோற்றில் இறங்குவதில்லை. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்டலியைக் கொண்டு செல்வார்கள். தேங்காய்ச் சட்டினியை வீட்டிலேயே விட்டுச் செல்வார்கள். வேதியியல் படிக்காத பாட்டிமார் அதன் பயனை அறிந்திருந்தார்கள். எனினும், காலையில் கட்டிய புளிச்சோற்றை அன்று மாலைக்குள் உண்டுவிடுவதே அறிவுடைமை.

அடுத்து, செலவு. தாமே சமைத்தால் மலிவு என்பது பலர் கருத்து. உணவுவிடுதி வாங்கும் விலையில் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றின் விலை ஒரு பகுதிதான். மீதியில் இடத்தின் வாடகை, எரிபொருள், சமைப்பவர் கூலி, பரிமாறுபவர் கூலி, துலக்குபவர் கூலி ஆகியன அடங்கியுள்ளன. நாமே சமைக்கும்போது பணம் மிஞ்சுவது உண்மை. ஆனால் அந்தக் கூலிகள் எங்கே போயின? அவற்றுள் பெரும்பகுதியை ஒருவர் வாங்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் யாரென்று நீங்கள் அறிவீர்கள்.

2019ஆம் ஆண்டில் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆய்வு நடத்தியது. கூலியின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர் என்று அது கண்டது. அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்களே. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! இந்தக் கணக்கு அப்படியே மலையேறிக் கடற்கரைக்கும் சென்றால், நான்கு நாள் பயணத்தில் தாய்க்கு இருபது மணி நேரம் வேலையிலேயே கழிந்துவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பம் இராமேசுவரம் சென்று ஒரு சத்திரத்தில் ஐந்து நாள் தங்கியது. மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ், வெண்கலப் பானை, அரிசி மூட்டை எல்லாம் எங்களோடு வந்தன. 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் காட்டத் தந்தையார் எங்களை ஒருநாள் அழைத்துச் சென்றார். இடிந்த மாதா கோயிலையும் இருபுறமும் விரிந்த கடலையும் பார்த்து வியந்து நின்றோம். தாயார் வரவில்லை, இரவுச் சமையல் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, "இராமேசுவரம் எப்படி இருந்தது பாட்டி?" என்று என் பிள்ளைகள் அவரைக் கேட்டார்கள். "தண்ணீர் உப்பு, பருப்பு வேகவே இல்லை" என்றார். அவர் அங்குக் கண்டது அதுதான். இதனினும் தெளிவாகக் காலம் என்னும் மூன்றாம் அளவுகோலை என்னால் விளக்க இயலாது.

நான்காவது, அறிவு. ஓர் ஊரைக் கண்ணால் மட்டும் காண்பதில்லை, நாவாலும் காண்கிறோம். பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஒரு பண்டத்தின் தன்மைக்கும் புகழுக்கும் அதன் ஊரே காரணம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. எங்குச் சென்றாலும் நம் வீட்டுச் சாம்பாரையே உண்டு திரும்புபவர், ஊர் மாறியும் வீடு மாறாதவர்.

சமைப்பதென்று முடிவு செய்தால் எங்கே சமைக்கக் கூடாது என்பதையும் அறிய வேண்டும். ரயிலில் எரிவாயு உருளை, மண்ணெண்ணெய், அடுப்பு ஆகியவற்றை மறந்தும் எடுத்துச் செல்லாதீர்கள். 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றியது. விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே அதற்குக் காரணம். வட நாட்டிலிருந்து வந்த பயணியர் பலர் உயிரிழந்தனர். இத்தகைய பொருள்களை ரயிலில் கொண்டு செல்வோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இடமளிக்கிறது. காப்புக்காடுகளில் கல்லைக் கூட்டித் தீ மூட்டுவதும் வனச் சட்டப்படி குற்றமே. ஒரு தேநீருக்காகவோ ஒரு வேளைப் பொங்கலுக்காகவோ கொடுக்கத்தக்க விலையா உயிரும் காடும்?

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐவர் கொண்ட குடும்பம் உதகைக்கு நான்கு நாள் செல்கிறது என்று கொள்வோம். புறப்படும் நாளில் கட்டுச்சோறு போதும். சமையலறையுள்ள விடுதியில் தங்கினால், காலையில் ரொட்டி, அவித்த முட்டை, அவல், பழம், பால் என எளிய உணவை அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். நண்பகலில் எந்த இடத்தைப் பார்க்கச் சென்றோமோ அந்த இடத்திலேயே உண்ண வேண்டும். சமைப்பதற்காக நடுப்பகலில் விடுதிக்குத் திரும்புவது பயணத்தைப் பாதியாக வெட்டுவதாகும். மாலையில் சந்தையில் மலைக் காய்கறி வாங்கி, இரவில் ஒரே ஒரு குழம்பு அல்லது கிச்சடி செய்யலாம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆதலால் தண்ணீர் 100 பாகையை எட்டாமல் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரமாகும். குக்கர் ஒன்று இருந்தால் இத்தொல்லை நீங்கும். இதனைப் பாடநூலில் படித்த மாணவர் அங்கே அடுப்பருகில் நின்று நேரிலும் பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு நன்கு நடைபெற ஒரு நிபந்தனை உண்டு. அடுப்பு இருக்குமானால் அதன் வேலை எல்லோருக்கும் உரியது. காய் நறுக்க ஒருவர், கிளற ஒருவர், துலக்க இருவர் என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கிட மனமில்லை என்றால் உணவுவிடுதியிலேயே உண்டு, பயண நாளில் ஒன்றைக் குறைத்துக்கொள்வது நேர்மையாகும்.

இது நடவாத செயலன்று. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் மேல்வகுப்பு மாணவர் நாற்பது பேரை ஏலகிரிக்கு மூன்று நாள் அழைத்துச் சென்றோம். சமையலாள் எவரும் உடன் வரவில்லை. மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, தண்ணீர், காய்கறி, அடுப்பு, பாத்திரம் என்று முறைவைத்து மாற்றினோம். முதல் நாள் சோறு குழைந்தது. மறுநாள் சாம்பாரில் உப்பு மிகுந்தது. மூன்றாம் நாள் எவரும் குறை சொல்லவில்லை. எது கடினமாக இருந்தது என்று கேட்டபோது, எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரம் துலக்குவதே என்றனர் எல்லோரும். சில வாரங்கள் சென்றபின் ஒரு மாணவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். "பையன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான், ஐயா. அந்த மலையில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று வியப்போடு கேட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. துலக்க விட்டோம், அவ்வளவே.

மாணவ நண்பர்களே, சமைப்பதும் நன்று. கடையில் உண்பதும் நன்று. உடன் வருவோரின் உடல்நிலை, கையிலுள்ள பொருள், தங்கும் நாள்கள் ஆகியவற்றைப் பொறுத்து முடிவு மாறும். மாறாத விதி ஒன்றே: விடுமுறை என்பது குடும்பத்தார் அனைவருக்கும் விடுமுறையாக இருக்க வேண்டும். அடுத்த பயணத்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, ஒன்றும் சொல்லாதிருக்கும் தாயாரிடம், "அம்மா, அங்கே உங்களுக்கு எதைப் பார்க்க விருப்பம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கொண்டு, அடுப்பை எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா என்று முடிவு செய்யுங்கள்.