பழைய கார்: என்ஜினைச் சரிசெய்யலாம், வயதை?

புது தில்லி: தலைநகரின் கரோல் பாக் பகுதியில் பழைய கார் விற்கும் கடைகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள் அல்லர். மனைவி, இரு குழந்தைகள், வயதான தாயார் ஆகியோரை இரு சக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்ல இயலாமல், புதிய காருக்கு மாதத் தவணை கட்டவும் வழியில்லாமல் நிற்கும் மாதச் சம்பளக்காரர்களே அதிகம். அவர்கள் கேட்பது ஓடும் நிலையில் ஒரு வண்டி. சில்லறைப் பழுது இருந்தால் பரவாயில்லை, பார்த்துக் கொள்ளலாம் என்பது அவர்களது கணக்கு.

பழுதைக் கண்டறிவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, என்ஜின் சூடேறாத காலை வேளையில் வண்டியைக் கிளப்பச் சொன்னாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். புகைக்குழாயிலிருந்து நீல நிறப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். வெண்புகை விடாமல் வந்தால், குளிர்விக்கும் நீர் என்ஜினுக்குள் கசிகிறதோ எனச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் ஏடு போலப் படிந்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் துருவும், மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் சேறும் கண்ணில் படும். கிளட்ச், பேட்டரி, டயர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்துக் கொள்வது கரோல் பாக்கில் அன்றாட நடைமுறை.

ஆனால், தில்லியில் பழைய காரின் மதிப்பைத் தீர்மானிப்பது என்ஜின் அல்ல. பதிவுச் சான்றில் உள்ள தேதி. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலையில் ஓடக்கூடாது என 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2015 ஏப்ரலில், தலைநகர் வட்டாரத்தில் டீசல் வாகனங்களுக்கு அந்த வரம்பை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. 2018 அக்டோபர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால்தான் பளபளப்பாக இருக்கும் ஒன்பது வயது டீசல் கார், நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறது. விலை குறைவு என்பது இங்கே சலுகையல்ல, எச்சரிக்கை.

அதன் பிறகு நிகழ்ந்தவை குழப்பத்தை அதிகரித்தன. வயது கடந்த வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் தில்லி பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் இல்லை என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 17-ம் தேதி அந்தப் பாதுகாப்பை, பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட புகைத் தரம் கொண்ட வாகனங்களுக்கு மட்டும் என மாற்றியமைத்தது. தில்லியில் கார்களுக்கு அந்தத் தரம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். எனவே, பதிவுச் சான்றில் தேதியோடு புகைத் தரத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது, தெரிந்தே பள்ளத்தில் விழுவதற்குச் சமம்.

இரண்டாவது கண்ணி பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்பது வேறு. விற்பவர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைத் தரகர் வாங்கி வைத்துக் கொள்கிறார். கார் கைமாறிக்கொண்டே போகிறது, பெயர் மட்டும் மாறுவதில்லை. இவ்வாறு பலமுறை கைமாறிய கார் ஒன்றால் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றாதவர், தன் கார் சேதமடைந்தால் இழப்பீடு பெற முடியாமல் திண்டாட நேரும்.

பழைய கார் வணிகத்தை ஒழுங்குபடுத்த, மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும். தங்களிடம் வந்த வாகனத்துக்கு அவர்களே பொறுப்பு. ஆனால், 2025 நவம்பர் 10-ம் தேதி செங்கோட்டை அருகே பலரது உயிரைப் பலிகொண்ட வெடிப்பில் பயன்படுத்தப்பட்ட கார், பல கைகள் மாறிய பழைய கார் என்பது விசாரணையில் தெரியவந்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2021 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு தகுதிச் சோதனை என அறிவித்தார். அதாவது, நாட்டின் கொள்கைக்கு அளவுகோல் தகுதி, தலைநகருக்கோ வயது. 15 ஆண்டுகள் ஓடிய கார், சென்னையில் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பித்துக் கொண்டு மேலும் ஐந்து ஆண்டுகள் ஓடலாம். அதே கார் தில்லியில் ஆயுள் முடிந்தது. குளிர்காலத்தில் மூச்சுத் திணறும் தில்லிக்குத் தூய காற்று வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், நன்கு பராமரிக்கப்பட்ட கார் வெளியேற, புகை கக்கும் இளைய கார் தொடர்ந்து ஓடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதற்கான விலையைக் கொடுப்பவர் புதிய கார் வாங்க வல்லவர் அல்லர். சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்து, கரோல் பாக்கில் ஒரு பழைய காரின் சாவியைக் கையில் வாங்கும் மனிதரே. என்ஜின் கோளாறை மெக்கானிக் தீர்த்து வைப்பார். சட்டத்தின் கோளாறைத் தீர்க்க வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்.