அங்குலக் குழாயும் மில்லிமீட்டர் மரையும்

பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த பள்ளிகள், தொழிற்சாலைகள், அலுவலகங்கள் பலவற்றில் மின்கம்பிகள் இன்றும் பழைய எஃகுக் குழாய்களுக்குள்ளேயே ஓடுகின்றன. கான்டியூட் எனப்படும் இக்குழாய்கள் கம்பிகளை அடிபடாமல் காப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஏதேனும் ஒரு கம்பியின் உறை பழுதாகி மின்சாரம் குழாயில் பாய்ந்தால், அதை மண்ணுக்குக் கொண்டு செல்லும் எர்த் பாதையாகவும் பல கட்டடங்களில் அக்குழாயே அமைந்திருக்கிறது. எனவே பழைய குழாயின் முனையில் புதிய குழாயை இணைக்கும் வேலை, பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும், கட்டடத்தில் இருப்போரின் உயிர்க்காப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

பழைய குழாய்கள் பி.எஸ். 31 என்னும் பிரித்தானியத் தரத்தின்படி அங்குல அளவில் செய்யப்பட்டவை. 1970இல் வெளிவந்த பி.எஸ். 4568 என்னும் தரம் அவற்றின் இடத்தில் 16, 20, 25, 32 மில்லிமீட்டர்க் குழாய்களைக் கொண்டுவந்தது. தண்ணீர்க் குழாய்க்கு அதன் உள்விட்டத்தை ஒட்டிப் பெயர் வைப்பது மரபு. மின்குழாய்க்கோ வெளிவிட்டமே பெயராகிறது. ஆகவே அரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டராக இருக்க, முக்கால் அங்குல மின்குழாயின் வெளிவிட்டம் 19.05 மில்லிமீட்டரே. குழாய்ப் பணியாளரின் உதிரிகளை மின்குழாய்க்குப் பயன்படுத்த முடியாமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

இரு அளவுமுறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 5/8 அங்குலக் குழாய் 15.88 மில்லிமீட்டர், அதற்கு இணையாக வந்தது 16. முக்கால் அங்குலத்துக்கு இணையாக வந்தது 20. இங்கே புதியது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பெரியது. ஓர் அங்குலக் குழாயோ 25.4 மில்லிமீட்டர் என்பதால், அதற்கு இணையான 25 மில்லிமீட்டர்க் குழாயைவிடப் பழையதே பருமனானது. விட்டம் மட்டுமின்றி மரையும் மாறுகிறது. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் புதிய குழாய்கள் அனைத்திலும் 1.5 மில்லிமீட்டர்; பழைய முக்கால் அங்குல, ஓர் அங்குலக் குழாய்களில் அங்குலத்துக்கு 16 மரைகள் வீதம் அது 1.59 மில்லிமீட்டர். இச்சிறு வேறுபாடு ஆறு சுற்றுகளுக்குள் அரை மில்லிமீட்டராகப் பெருகிவிடும்.

இதன் விளைவாக, முக்கால் அங்குலக் குழாயை 20 மில்லிமீட்டர் இணைப்பில் திருகினால் மரைகளின் நுனிகள் மட்டும் உரசித் தளர்வாக நிற்கும். ஓர் அங்குலக் குழாய் 25 மில்லிமீட்டர் இணைப்பில் நுழையவே மறுக்கும். 5/8 அங்குலக் குழாயோ 16 மில்லிமீட்டர் இணைப்பில் சில சுற்றுகள் ஏறி இறுகி, நல்ல பிடிப்புப் போன்ற பொய்த்தோற்றம் தரும். இத்தகைய மூட்டில் உலோகத்தோடு உலோகம் முழுமையாகத் தொடுவதில்லை. குழாயில் மின்கசிவு ஏற்படும்போது மூட்டின் தடை மின்னோட்டத்தைக் குறைத்துவிட, உருக வேண்டிய பியூஸ் உருகாமல் நிற்கும். மூட்டுக்கு அப்பாலுள்ள குழாய் முழுவதும் தொட்டவரைத் தாக்கும் நிலையில் இருக்கும்.

பாதுகாப்பான வழிகளில் எளியது, ஒருபுறம் அங்குல மரையும் மறுபுறம் மில்லிமீட்டர் மரையும் வெட்டிய உலோக அடாப்டரைப் பயன்படுத்துவது. அது கிடைக்காதபோது, மரையில்லாத துளைகள் கொண்ட உலோகப் பெட்டி ஒன்றை இடையில் வைத்து, ஒவ்வொரு குழாயையும் அதனதன் மரைக்குரிய கப்ளிங், பித்தளை புஷ் ஆகியவற்றால் பெட்டிச் சுவரோடு இறுக்கலாம். இரு மரைகளும் ஒன்றையொன்று சந்திக்காததால் பொருத்தமின்மை எழுவதில்லை, பெட்டியின் உலோகமே எர்த் தொடர்ச்சியைத் தருகிறது. ஆனால் துளையைச் சுற்றியுள்ள பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரியச் செய்வது கட்டாயம். புதிதாக மரை வெட்டும் வழி அளவைப் பொறுத்தது: ஓர் அங்குலக் குழாயின் பழைய மரைப்பகுதியை அறுத்தெறிந்துவிட்டு டை எனப்படும் மரைவெட்டும் கருவியில் 25 மில்லிமீட்டருக்குரியதைக் கொண்டு புது மரை போடலாம்; முக்கால் அங்குலக் குழாயில் 20 மில்லிமீட்டர் மரைக்குத் தேவையான உலோகம் இல்லாததால் மரை ஆழமின்றிப் போகும். மரை வெட்டாமல் கவ்விப் பொருத்திய மெல்லிய பழங்குழாய்களில் மரை போடவே முனையக்கூடாது.

எந்த வழியைக் கைக்கொண்டாலும், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துச் சோதித்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்; பழைய ரப்பர் உறைக் கம்பிகள் தொட்ட மாத்திரத்தில் உதிரக்கூடியவை என்பதால் அவற்றை மாற்றிவிடுவதே முறை. குழாயோடு தனி எர்த் கம்பி ஒன்றையும் இழுத்துவிடுவது கூடுதல் காப்பு. எர்த் தொடர்ச்சியைக் கருவிகொண்டு அளந்து பார்க்க வேண்டும் என்று பி.எஸ். 7671 என்னும் வயரிங் விதிநூலும் வலியுறுத்துகிறது. கைக்கு இறுக்கமாகத் தெரிவதை நம்பாமல், அளவியைக் கேட்டு முடிவு செய்யும் மின்பணியாளரையே கட்டட உரிமையாளர்கள் இவ்வேலைக்கு அமர்த்த வேண்டும்.