நடந்து காட்டும் இதயப் பரீட்சை

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் விடியற்காலையில் அரளி மொக்குப் பறிப்பவர்களுக்கும், குழித்தறியில் நாள் முழுதும் மிதி மிதிப்பவர்களுக்கும் ஒரு பழக்கம் பொதுவானது. மேடேறும்போது மார்பு இறுகினால் வாயு என்று சொல்லி ஒரு சோடா குடிப்பார்கள். இடது தோளுக்கு வலி பரவினால் தறி அடித்த களைப்பு என்பார்கள். சற்று நின்றால் வலி போய்விடுகிறது. ஆகவே மறந்தும் விடுகிறார்கள். நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் வலியே இதயத்தின் இரத்தக்குழாய் ஒடுங்கியிருப்பதற்கு முக்கியமான அறிகுறி என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வலியே தோன்றாமல் மூச்சுத் திணறல் மட்டும் காணலாம்.

இத்தகையோரை வைத்தியர் டிரெட்மில் சோதனைக்கு அனுப்புவதுண்டு. படுத்த நிலையில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருக்கையில் இது எதற்கு என்று பலர் கேட்கின்றனர். கிணற்றிலிருந்து வயலுக்குப் போகும் குழாயில் உப்புப் படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாத்திக்கு விடும்போது நீர் போதுமானதாகவே தோன்றும். நான்கு பாத்திகளுக்கு ஒருங்கே திறந்தால்தான் குறை வெளிப்படும். இதயமும் அவ்வாறே. ஓய்வில் இருக்கும்போது ஒடுங்கிய குழாயும் ஈடுகொடுத்துவிடும். உழைப்பு மிகும்போதுதான் தசைக்கு இரத்தம் பற்றாமற்போகும்.

இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் பதியச்செய்து 1924-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் ஐந்தோவன் என்னும் டச்சுக்காரர். அவர் பிறந்தது ஜாவாத் தீவில். 1929-இல் நியூயார்க் வைத்தியர் ஆர்தர் மாஸ்டர், இரண்டே படிகளில் நோயாளியை ஏறி இறங்கச் செய்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்தார். ஓடும் பட்டையின்மேல் நடக்கச் செய்து படிப்படியாகக் கடினமாக்கும் முறையை 1963-இல் வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ். இன்றும் பெரும்பாலும் அவர் முறையே கையாளப்படுகிறது.

முதல் மூன்று நிமிடம் பட்டை மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், நூறடிக்குப் பத்தடி ஏற்றத்தில் ஓடும். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், ஏற்றம் பன்னிரண்டடி. அதற்கடுத்து ஏறக்குறைய 5.5 கிலோமீட்டர், ஏற்றம் பதினான்கடி. ஜருகுமலைச் சரிவில் விறகுச்சுமையோடு ஏறியவருக்கு இது பெரிதன்று. தறிக்குழியில் அமர்ந்தே இருபதாண்டு கழித்தவருக்கு இரண்டாம் கட்டமே மூச்சு வாங்கச்செய்யும். மார்பில் ஒட்டிய கம்பிகள் வழியே இ.சி.ஜி. தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், இரத்த அழுத்தமும் இடையிடையே பார்ப்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்து, மீதியில் 85 சதவிகிதம் நாடி எட்டவேண்டுமென்பது பொதுவான கணக்கு. ஐம்பத்தைந்து வயதினருக்கு அது நிமிடத்துக்கு 140. வலி, தலைச்சுற்றல், மூச்சு முட்டல் எதுவாயினும் உடனே சொல்லிவிட வேண்டும். நம் ஆண்மக்களில் சிலர் பிறர் முன் தளர்ச்சி காட்டலாகாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இது பந்தயமன்று, வலி எந்த நிமிடத்தில் வந்தது என்பதே வைத்தியருக்கு வேண்டிய செய்தி.

முன்னேற்பாடுகள் எளியவை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே இலேசான ஆகாரத்தை முடித்துக்கொள்ளுதல் நலம். அன்று காப்பி, தேநீர், பீடி, புகையிலை ஆகாது. வேட்டியும் சேலையும் காலைத் தடுக்கும். கால்சட்டை அல்லது சுடிதார், வழுக்காத ஷூ இவையே ஏற்றவை. மார்பில் எண்ணெய் பூசியிருந்தால் கம்பி ஒட்டாது. ரோமம் இருந்தால் மழிப்பார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. மாத்திரைகள் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை நாடியை மட்டுப்படுத்துவதால் சிலருக்கு முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் தாமாக நிறுத்துவது ஆபத்து. சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ உபயோகிப்பவர்கள் அன்றைய அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மார்புவலி வந்து வியர்த்துக் கொட்டுபவருக்கு இச்சோதனை கூடாது. அவருக்கு உரியது 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் 108 வண்டிதான். மூட்டு வலியால் நடக்க இயலாதவர்களுக்கு, மருந்து செலுத்தி இதயத்தை விரைவுபடுத்திப் பார்க்கும் வேறு முறைகள் உள்ளன.

தாளில் எஸ்.டி. என்னும் பகுதி ஒரு மில்லிமீட்டரேனும் தாழ்ந்தால் சந்தேகம் எழும். அதனாலேயே நோய் உறுதியாகிவிடாது. முக்கியமாகப் பெண்களுக்கு நோயின்றியும் அவ்வாறு தோன்றுவதுண்டு. ஆஞ்சியோகிராம் தேவையா என்பதை வைத்தியர் பிற குறிகளையும் சேர்த்தே முடிவு செய்வார். சோதனையில் குறையேதும் காணாவிடினும், பிற்காலத்தில் மாரடைப்பே வராதென்று எழுதிக்கொடுத்ததாகாது. எவ்விதக் குறியுமில்லாத திடகாத்திரர்கள், விளம்பரத்தைப் பார்த்து மொத்தப் பரிசோதனையோடு இதையும் செய்துகொள்வது பெரும்பாலும் வீண் செலவே என்பது எம் கருத்து.

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் காட்டுவதே முறை. அவர் அனுப்பினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். செல்லும்போது பழைய இ.சி.ஜி. தாள்கள், மாத்திரைச் சீட்டு, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே உறையிலிட்டு, வீட்டார் ஒருவரையும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.