கிரிக்கெட் போனால் சந்தாவும் போச்சு!

மயிலாப்பூர் மெஸ்ஸில் இட்லி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் வருவது சாம்பாருக்காக! அந்தச் சாம்பாரைப் பக்கத்துக் கடைக்காரர் ஏலத்தில் எடுத்து, ஓசியில் ஊற்றினால்?

ஹாட்ஸ்டாருக்கு நடந்தது அதுதான் சார். 2022 ஜூன் ஏலத்தில், 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல்.லை இந்தியாவில் இணையத்தில் காட்டும் உரிமையை 20,500 கோடி ரூபாய்க்கு வயாகாம்18 தட்டிச் சென்றது. 2023 சீஸனை ஜியோசினிமாவில் இலவசமாகவே விட்டார்கள். தி.நகர் மேன்ஷன்களில் கொண்டாட்டம், ஹாட்ஸ்டாருக்குத் திண்டாட்டம்! 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்த சந்தாதாரர்கள், ஒரே வருடத்தில் 3.76 கோடி! (நடுவில் ஹெச்.பி.ஓ. தொடர்களும் கழன்றுகொண்டது உபரி அடி.)

சினிமா எங்கே ஓடிப்போகும்? அடுத்த வாரம் பார்க்கலாம். கடைசி ஓவரை மறுநாள் பார்ப்பதோ ஆறிப்போன காபி! அதனால் அவசரமாகச் சந்தா கட்டுகிறோம். கோப்பையைத் தூக்கியதும் கழற்றிவிடுகிறோம்.

ஓசியும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் இரண்டும் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்றாகின. அந்த வருட ஐ.பி.எல்.லுக்கு ரீசார்ஜ், சந்தா என்று ஆரம்பித்துவிட்டார்கள்!

பி.காம். படித்தவன் சொல்கிறேன்... வருடச் சந்தா கட்டும் முன் ஒரே ஒரு கணக்கு போடுங்கள். மேட்ச் இல்லாத மாதத்தில் அதில் கடைசியாக என்ன பார்த்தீர்கள்?